புதியவரைத் தனியே விடுதல் முறையோ?

பல்கலைக்கழகத்துக்கு வரும் புதிய மாணவரை வரவேற்க விழா உண்டு. வழிகாட்டு வகுப்புகள் உண்டு. அவரைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டமும் உண்டு. அதே வாயிலால் அதே வாரத்திற் புதிய ஊழியர் ஒருவரும் நுழைகிறார். அவருக்குக் கிடைப்பன ஒரு நியமனக் கடிதமும் ஒரு நாற்காலியுமே. அதன்பின் அவர் யாரை அண்டி எதைக் கற்பார் என்பது பற்றி எவருக்கும் கவலையில்லை. இப்புறக்கணிப்பு வெறும் மறதியன்று. அதனாற் பயன்பெறுவோரும் உளர் என்பதே எமது கருத்து.

கிழக்குப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டு வந்தாறுமூலை மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இந்நிறுவனம், 1986ஆம் ஆண்டு முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. இன்று அதற்குத் திருகோணமலையில் ஒரு வளாகமும் கல்லடியிற் சுவாமி விபுலாநந்தர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும் உண்டு. கிரானிலிருந்து சித்தாண்டி, மாவடிவேம்பு கடந்து வேலைக்கு வரும் இளம் இலிகிதருக்கு ஊர் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையின் மொழி புரியாது. தென்னிலங்கையிலிருந்து வரும் விரிவுரையாளருக்குச் சுற்றறிக்கை புரியும். ஊரும் மொழியும் புரியா. இருவருக்கும் வேண்டப்படுவது ஒன்றே: அஞ்சாமற் கேட்டறிய ஒரு தோழமை.

தகுதிகாண் விரிவுரையாளர் தம் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு ஒரு பயிற்சிநெறியை நிறைவுசெய்ய வேண்டும் என்பது விதி. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அது கற்பித்தற் கலையைக் கற்பிப்பது. பரீட்சைப் பெறுபேறுகள் எந்த மேசையில் தேங்குகின்றன, ஆய்வுகூடத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் வாங்க எத்தனை கையொப்பங்கள் வேண்டும், துறைத்தலைவரின் கருத்தை மறுக்க நேர்ந்தால் அதனை எங்கே எவ்வாறு கூறுவது என்பனவற்றை எப்பாடநெறியும் கற்பிப்பதில்லை. இலிகிதர், ஆய்வுகூட உதவியாளர், நூலகச் சிற்றூழியர் ஆகியோர்க்கோ இத்தகைய நீண்ட பயிற்சியும் விதிக்கப்படவில்லை. தற்காலிக உதவி விரிவுரையாளரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நேற்று மாணவராயிருந்தவர் இன்று மேடையில் நிற்கிறார். ஒப்பந்தம் முடியுமுன் எவர் மனத்தையும் நோகவிடக்கூடாது என்ற அச்சம் ஒன்றே அவருக்கு வழிகாட்டி.

கேட்பதற்கு ஆளில்லாதவன் சார்வதற்கு ஆளைத் தேடுவான். நமது நிறுவனங்களிற் காணப்படும் குழுமனப்பான்மையின் வேர்களுள் ஒன்று இங்கேதான் உள்ளது. ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பக் காட்டிக்கொடுத்த உதவி, பின்னர் ஒரு தேர்தலில் வாக்காகவோ ஒரு கூட்டத்தில் மௌனமாகவோ திருப்பிக் கேட்கப்படுகிறது. அறிவைப் பூட்டி வைத்திருப்போர்க்கு அறியாதோர் என்றும் தேவை.

இதற்கு மாற்று, மேலதிகாரியை வழிகாட்டியாக்குவதன்று. உறுதிப்படுத்தலுக்கு அறிக்கை எழுதுபவரிடமே தன் அறியாமையை ஒப்புக்கொள்ள எவர் துணிவார்? 1985ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களான கதி கிராம், லின் இசபெல்லா ஆகியோர் வேலைத்தலங்களிற் சமநிலையினரிடையே உள்ள உறவுகளை ஆராய்ந்து, அவை மூத்தோர் வழிகாட்டலுக்கு ஏற்ற மாற்றாகலாம் என்று காட்டினர். செய்தி பகிர்வோர், தொழில்நெறி பகிர்வோர், உள்ளம் திறந்து பேசுவோர் என அவ்வுறவினரை மூவகைப்படுத்தினர். மூத்தவர் வழிகாட்டும்போது உதவி பெரும்பாலும் ஒருவழிப்பட்டது. சமநிலையில் அது இருபாலும் செல்கிறது. கொடுத்தவரும் பெறுவதால் அங்கே கடன் எஞ்சுவதில்லை.

“நாங்கள் யாருடைய துணையுமின்றிக் கற்கவில்லையா?” என்று மூத்தோர் வினவுவர். மாரிவெள்ளம் கிரான் - புலிபாய்ந்தகல் வீதியை மூடும்போது மக்கள் படகில் ஏறியே அக்கரை சேர்கின்றனர். முன்பு நீந்திக் கடந்தவர் ஒருவர் கரையில் நின்று, “நீயும் நீந்திப் பழகு” என்று கூறின் அதனை வீரம் என்போமா? நீந்தி வந்தோரை மட்டுமே நாம் காண்கிறோம்; மனமுடைந்து வேலையை விட்டு நீங்கியோர் நம்முன் வந்து சாட்சி சொல்வதில்லை.

“இவையெல்லாம் பழக்கத்தில் தாமாகவே வந்துவிடும்” என்பாரும் உளர். பழக்கம் அறாது தொடர்ந்த இடத்திலேயே அது பொருந்தும். 1990ஆம் ஆண்டு வந்தாறுமூலை வளாகம் அகதிகள் தங்கிய முகாமாயிற்று, அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் திரும்பவில்லை. 2006 டிசெம்பரில் உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பிற் காணாமற்போனார். இத்தகைய காலங்களைக் கடந்த ஒரு நிறுவனத்தில், மூத்தோர் அறிந்தது இளையோரிடம் இயல்பாகவே வந்துசேர்ந்திருக்கும் என்று எண்ணுவது பேதைமை. கேள்வி கேட்பதே ஆபத்தாயிருந்த ஆண்டுகள் மௌனத்தையும் பழக்கமாக்கிவிடும். அம்மௌனத்தை அறுக்க முறையான ஏற்பாடு வேண்டும்.

அவ்வேற்பாடு பெருஞ்செலவுடையதன்று. புதியவர் ஒவ்வொருவருக்கும், அதே தரத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னே சென்ற ஒருவர் ஓராண்டுக்குத் துணையாகட்டும். அவர் வேறொரு துறையினராயிருத்தல் நன்று. புதியவரைப் பற்றி அவர் எவருக்கும் அறிக்கை எழுதலாகாது. உறவு பொருந்தாவிடிற் காரணங் கூறாது மாற்றிக்கொள்ளும் உரிமை இருவர்க்கும் இருக்க வேண்டும். துணைநிற்கும் நேரம் கடமை நேரமாகவே கணிக்கப்படல் வேண்டும். இன்றேல் இதுவும் நல்லோர் சிலரின் தோளிற் சுமத்திய இன்னொரு பாரமாகும். விரிவுரையாளர்க்கு மட்டுமன்றிக் கல்விசாரா ஊழியர்க்கும் இது உரியதாதல் இன்றியமையாதது.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு இதில் என்ன என்று எண்ணவேண்டா. வழியறியா இலிகிதரின் மேசையில் தேங்கிக்கிடப்பது உங்கள் பெறுபேறு. துணையற்ற விரிவுரையாளர் தடுமாறி நிற்பது உங்கள் வகுப்பில். உங்களுட் சிலர் நாளை அதே நாற்காலியில் அமர்வீர்கள். அன்று உங்களுக்கு ஒருவர் வேண்டும் என்பதை இன்றே கேளுங்கள். அமர்ந்தபின் கேட்க உங்களுக்குத் துணிவிராது.