பருத்திப்பட்டும் பள்ளிப்பட்டும்

பாம்பு தீண்டியவனுக்கும், அகாலத்தில் பிரசவ வேதனை கண்ட ஸ்திரீக்கும் பிராணன் காத்திருக்கும் நேரம் பட்டணத்தில் எவ்வளவோ கிராமத்திலும் அவ்வளவே. ஆம்புலன்ஸ் வண்டி வந்து சேரும் நேரந்தான் இரண்டிடத்திலும் ஒன்றாக இல்லை. இந்த வித்தியாசத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்வது நமது கடமையாகும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ஆம் வருஷம் செப்டம்பரில் துவக்கப்பட்டது. நோயாளியைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தோளில் சுமந்து சென்ற ஜனங்களுக்கு, காசு கேளாமல் வாசலுக்கு வரும் வண்டி பெரும் உபகாரமே. விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பரில் வந்தது. நல்லதை நல்லதென்று ஒப்புக்கொள்ள நாம் தயங்கவில்லை.

ஆனால், வண்டிகளைப் பங்கிடும் முறையில் ஒரு பெருங்குறை இருக்கிறது. லக்ஷம் பேருக்கு ஒரு சாதாரண ஆம்புலன்ஸ், ஐந்து லக்ஷம் பேருக்கு உயர்தரக் கருவிகளுள்ள ஆம்புலன்ஸ் ஒன்று என்பதே தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல். இது தலைக்கணக்கு, வழிக்கணக்கு அன்று. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையிலுள்ள பருத்திப்பட்டு, ஒரு காலத்தில் ஏரிப் பாசனக் கிராமம். இன்றோ ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய நெருக்கமான குடியிருப்பு. இங்கே லக்ஷம் பேர் சில மைல் சுற்றளவுக்குள் வசிக்கிறார்கள். அதே திருவள்ளூர் ஜில்லாவில், ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுத் தாலுகாவிலோ ஜனங்கள் சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். இரண்டிடத்திற்கும் ஒரே அளவில் வண்டி கொடுப்பது சமத்துவம்போல் தோன்றும். உண்மையில் அது அநீதியே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நோய் முற்றியவரைத் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கோ கொண்டுசெல்லும் வேலையும் 108 வண்டியின் மேலேயே விழுகிறது. அது போய்த் திரும்புமட்டும் அந்தச் சுற்றுவட்டாரம் வெறுமையாய்க் கிடக்கிறது. அச்சமயம் இரண்டாவது ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் அவர் கதி என்ன?

கிராமங்களில் அழைப்புகள் குறைவு, வண்டி சும்மா நிற்பது வீண் செலவு என்று சிலர் வாதிக்கலாம். தீயணைக்கும் வண்டி நெருப்புப் பிடிக்காத நாளில் சும்மா நிற்பதை எவரும் வீண் என்று சொல்வதில்லையே!

இது தயவைக் கோரும் விண்ணப்பமன்று. பாத்தியதையைப் பற்றிய வழக்கு. 1992-ஆம் வருஷத்தில் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. 1996-இல் சுப்ரீம் கோர்ட், தக்க காலத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்புக் கூறிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல, தக்க கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டுமென்றும், பணமில்லை என்பது இதற்குச் சமாதானமாகாதென்றும் அத்தீர்ப்பு சொல்லுகிறது.

ஆகவே நாம் கோருவது நான்கு. வண்டிகளைத் தூரத்தையும் பாதையின் நிலையையும் கணக்கிட்டு நிறுத்த வேண்டும். ஆஸ்பத்திரிவிட்டு ஆஸ்பத்திரி கொண்டுசெல்லத் தனி வண்டிகள் வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலையைக் குறைக்குமாறு பலமுறை கிளர்ச்சி செய்துள்ள ஊழியர்களின் குறையைத் தீர்க்க வேண்டும். அழைப்பு வந்தது முதல் வண்டி சேர்ந்தது வரை சென்ற நேரத்தை, தாலுகாவாரியாக மாதந்தோறும் பிரசுரிக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்திற்குச் செலவு சொற்பம். ஆனால் மற்ற மூன்றையும் அது தானே இழுத்து வரும்.

கிராம சபைகளில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுவது தொண்டர்களின் பொறுப்பு. பருத்திப்பட்டுக்காரன் உயிருக்கு ஒரு விலை, பள்ளிப்பட்டுக்காரன் உயிருக்கு ஒரு விலை என்ற நிலை நீடிக்கும்வரை, சுதந்திரம் கிராமத்தின் எல்லையோடு நின்றுவிட்டதென்றே சொல்லுவோம்.