பெயர் சொல்லிக் கூப்பிடலாம்... எப்போது?



ஜாவாவில் ஒரு மெத்தடைக் கூப்பிட இரண்டு வழி உண்டு. ஒன்று, லேபில் நாம் தினமும் செய்வது: ஆப்ஜெக்ட், ஒரு புள்ளி, மெத்தட் பெயர். இன்னொன்று ரிஃப்ளெக்ஷன். 1997-ல் ஜே.டி.கே. 1.1 உடன் வந்தது. இதில் மெத்தட் பெயரை ஸ்டிரிங்காகக் கொடுத்தால் போதும். ‘கெட்மெத்தட்’ என்று கேட்டால் அந்த மெத்தடே ஓர் ஆப்ஜெக்டாகக் கைக்கு வரும். ‘இன்வோக்’ என்றால் ஓடும். பெயரைத் தேடுவதே புரோகிராம் ஓடும்போதுதான்.

‘புராஜெக்ட்ல ரிஃப்ளெக்ஷன் போடு, வைவாவில வெயிட்டா இருக்கும்’ என்று நம்ம பசங்களிடம் ஒரு பேச்சு உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நாம் ஒரு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சன்ன ரகத்துக்கு ஒரு விலை, பொது ரகத்துக்கு ஒரு விலை. ரகத்தின் பெயரை ஸ்டிரிங்கில் ஒட்டி ரிஃப்ளெக்ஷனில் கூப்பிட்டால், ‘இஃப்’ இல்லாமல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் எழுத்து தப்பினால்? கம்பைலர் வாயே திறக்காது. ஸ்டிரிங்குக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. குறுவை அறுத்து, ஐப்பசி மழை மிரட்டும் நேரத்தில், விவசாயி மூட்டையோடு வரிசையில் நிற்கும் அன்றைக்குத்தான் ‘நோ சச் மெத்தட் எக்ஸப்ஷன்’ வந்து நிற்கும். நேராகக் கூப்பிட்டிருந்தால் அதே தப்பு லேபிலேயே பிடிபட்டிருக்கும். நம்ம பந்தாவுக்கு அவர் நெல் ஏன் நனையணும்? ஒரு இன்டர்ஃபேஸ், இரண்டு கிளாஸ் போதுமே!

அப்படியானால் ரிஃப்ளெக்ஷனே வேண்டாமா? அப்படியும் இல்லை. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் எழுதிய ஜேயூனிட்டைப் பாருங்கள். நாளைக்கு நாம் எழுதப்போகும் டெஸ்ட் மெத்தடின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே ரிஃப்ளெக்ஷன் அவசியம். அங்கேயும் ஆபத்து இருந்தது. பழைய ஜேயூனிட் ‘டெஸ்ட்’ என்று தொடங்கும் பெயர்களைத் தேடி ஓட்டியது. எழுத்து பிசகினால் அந்த டெஸ்ட் ஓடாது. நாமோ எல்லாம் பாஸ் என்று நினைத்திருப்போம். 2006-ல் வந்த ஜேயூனிட் 4 இதற்கு அனோட்டேஷனைக் கொண்டுவந்தது. அதில் எழுத்து தப்பினால் கம்பைலரே பிடித்துவிடும்.

‘செட்ஆக்சஸிபிள்’ போட்டுப் பிரைவேட் மெத்தடைத் திறப்பது இன்னொரு பழக்கம். ராத்திரியில் மதகு ஷட்டரைத் தூக்கினால் நம்ம வயல் நிறையும், கடைமடை காயும். பூட்டு போட்டவருக்கு ஒரு காரணம் இருக்கும். ஜாவாவே 2017-ல் மாட்யூல் கொண்டுவந்து, 2021-ல் வந்த ஜாவா 17-ல் தன் உள்பாகங்களில் பெரும்பாலானவற்றை இழுத்துப் பூட்டிவிட்டது.

என் கருத்து இதுதான்: எழுதும்போதே பெயர் தெரிந்தால் நேராகக் கூப்பிடுவோம். பிறகுதான் தெரியும் என்றால் ரிஃப்ளெக்ஷன். அப்போதும் பெயர் சரியா என்பதைப் புரோகிராம் தொடங்கும்போதே பார்த்துவிடுவோம். ஆள் வரிசையில் நிற்கும்போது அல்ல. வைவாவில் ‘ஏன் போட்டாய்?’ என்று கேட்டால், ‘வேற வழியில்லை சார்’ என்று காரணத்தோடு சொல்ல முடியணும். வெயிட் என்பது அதுதான்.