மேலே ஓடும் தண்ணீரையும் அளக்க வேண்டும்



"துருவத்துல தண்ணி ஓடுற வேகத்தை அளக்க நம்ம வரிப்பணம் எதுக்கு சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். செலவழிக்கலாம், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே செலவழிக்கலாம் என்பது என் பதில்.

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் காங்ஸ்ஃபியோர்டன் என்றொரு ஃபியோர்டு இருக்கிறது. பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தால் அதுதான் ஃபியோர்டு. அதன் கரையில் நமது 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. 2014 ஜூலையில் 'இண்டார்க்' என்ற கருவித் தொகுப்பை அங்கே கடலுக்குள் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். அதில் நம் பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பங்கு உண்டு.

அங்கே கீழே வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் உள்ளே வருகிறது. பனி உருகிய நீர் உப்பு குறைந்தது, அதனால் மேலேயே மிதந்து வெளியேறுகிறது. எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிட மேல்மட்ட நீரோட்டத்தின் வேகம் தெரிய வேண்டும்.

சிக்கலே அங்கேதான். கருவியை மேலே கட்டினால் மிதந்து வரும் பனிப்பாறை அடித்துக்கொண்டு போய்விடும். ஆழத்தில் வைத்து ஒலியலையை மேலே அனுப்பினால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் பலத்த எதிரொலி அதற்குச் சற்றுக் கீழே உள்ள நீரின் மெல்லிய எதிரொலியை அமுக்கிவிடும். 100 மீட்டர் ஆழத்திலிருந்து பார்த்தால் மேலே ஐந்தாறு மீட்டர் சரியாகத் தெரியாது. நமக்கு வேண்டியதே அந்த அடுக்குதான்!

பனிப்பாறையையே பின்தொடரலாமே என்பீர்கள். வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? அதில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கிறது. ஆழத்து நீரோட்டமும் சேர்ந்துதான் அதை இழுக்கும்.

ஆகவே எளிய வழி, மிதவைகள். ஜிபிஎஸ் பொருத்திய சிறு மிதவை, காற்று தள்ளிவிடாதபடி நீருக்குள் ஒரு மீட்டர் அளவுக்குத் துணிப்பாய். அது போகும் பாதையே நீரின் பாதை. சில பனியில் சிக்கித் தொலையும். அதை வீண் செலவு என்று சொல்வது சரியல்ல. சாக்பீஸ் தேயாமல் பாடம் நடக்குமா?

கிரீன்லாந்து பனி முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 7 மீட்டர் உயரும். நாகப்பட்டினம் கடலுக்கு நார்வே கடல் அந்நியமில்லை. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் மிதவைக்கும் கைதட்டப் பழகுவோம்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.