பூஸ்ட் ஏற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை வாங்கி, பெரிய இன்டர்கூலர், அகலமான எக்ஸாஸ்ட், கூடுதல் பூஸ்ட் என்று செலவழிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2004-ல் இந்தியச் சந்தைக்கு வந்த கார் அது. 1.8 லிட்டர் டர்போ இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். டர்போ பெட்ரோல் கார் என்பதே இங்கே அபூர்வமாக இருந்த காலம். அந்த வண்டிகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ரப்பர் ஹோஸ்கள் விறைத்துப் போயிருக்கும், கிளாம்புகள் தளர்ந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி இழுக்கவில்லை என்றதும் லாப்டாப்பைத் திறந்து, இன்ஜின் கணினியின் மேப்பை மாற்றி எழுதும் ரீமேப் போடுவது பல பட்டறைகளில் முதல் வேலையாகிவிடுகிறது. வேலையின் வரிசையே தலைகீழ். பழுதை முழுக்கத் தீர்த்த பிறகுதான் டியூனிங்கில் கை வைக்க வேண்டும்.

காற்றுக் கசிவை எடுத்துக்கொள்வோம். ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் சென்சார், உள்ளே போகும் காற்றை அளக்கிறது. அந்த அளவை நம்பித்தான் கணினி பெட்ரோலைக் கணக்கிடுகிறது. த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு சிறு ஹோஸ் வெடித்திருந்தால் என்ன ஆகும்? ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் இருப்பதால், சென்சார் அளக்காத காற்று விரிசல் வழியே உள்ளே புகும். கலவை லீன் ஆகி ஆர்பிஎம் ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் நிலைமை மாறிவிடும். பூஸ்ட் ஏறியதும் அளந்து அனுப்பிய காற்று அதே விரிசல் வழியே வெளியேறும். இல்லாத காற்றுக்கும் பெட்ரோல் பாய்வதால் கலவை ரிச் ஆகும், பின்னால் கரும்புகை, பிக்கப் போய்விடும். ஓட்டை ஒன்றுதான், அடையாளங்கள் இரண்டும் எதிரெதிர். முதலாவதைப் பார்த்தவர் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார், இரண்டாவதைப் பார்த்தவர் இன்ஜெக்டரை மாற்றுவார். வண்டி அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, டர்போவின் காற்று நுழைவாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் பொருத்திய வால்வு வழியே கம்ப்ரஸர் காற்றை அளவோடு செலுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போலத்தான். கசியும் இடத்தில் நுரை பொங்கும். அடுத்து டைவர்ட்டர் வால்வைக் கழற்ற வேண்டும். உள்ளிருக்கும் ரப்பர் சவ்வை விரலால் அமுக்கி, வெற்றிடக் குழாய் மாட்டும் துளையை இன்னொரு விரலால் மூடி, அமுக்கிய விரலை எடுத்துப் பாருங்கள். சவ்வு அமுங்கியபடியே நின்றால் நல்லது. எழும்பி வந்தால் கிழிந்திருக்கிறது. இந்த இன்ஜின் குடும்பத்தில் இக்னிஷன் காயில்கள் பழுதாவதும் பிரசித்தம். 2003-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே பெருமளவில் அவற்றை மாற்றிக் கொடுத்தது. பலவீனமான காயிலோடு பூஸ்ட்டை ஏற்றினால் தீப்பொறி அடங்கி மிஸ்ஸிங் வரும். அதை மேப்பின் குறை என்று நினைத்து மேப்பைத் திருத்துவது வீண் வேலை.

டர்போ இன்ஜினின் உண்மையான எதிரி நாக்கிங். சிலிண்டருக்குள் எரிந்து முடியாத கலவை, சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே பற்றி வெடிப்பதுதான் அது. 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் வெளியிட்ட ஜெட்ஃபயர் காரிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. 10.25 என்ற உயர்ந்த கம்ப்ரஷன் விகிதத்தோடு டர்போவையும் சேர்த்ததால், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானாகவே குறைந்துவிடும். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், கார் இழுக்கவில்லை என்று புகார் சொன்னார்கள், பல கார்களில் டர்போவையே கழற்றும்படி ஆயிற்று. 1980-களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் வேறு வழியைக் கண்டது. இன்ஜின் பிளாக்கில் ஒரு சென்சாரைப் பொருத்தி நாக்கிங்கின் அதிர்வைக் கேட்கவைத்து, கேட்டவுடன் பூஸ்ட்டைக் குறைத்தது. டியூனிங்கில் இன்றுவரை மிகச் சிறந்த பாடம் அதுதான்: இன்ஜின் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அழுத்தத்தைத் தீர்மானிப்பது.

நம் ஊர்ச் சூடு இதை இன்னும் கடினமாக்குகிறது. 40 டிகிரி வெயிலில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவை விட்டு வெளியேறும்போது அது 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். இன்டர்கூலரில் சேறு அடைத்திருந்தால் அந்தச் சூடு சிலிண்டருக்கே போகும். மலையேறினால் வேறொரு தொல்லை. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே கிடைத்த அதே அழுத்தத்தை அங்கேயும் கேட்கும் மேப், டர்போவை அளவுக்கு மீறிச் சுழலவைக்கும். கம்பெனி மேப்பில் இதற்கான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அவசரத்தில் எழுதிய மேப்பில் அவற்றை நீக்கியிருந்தால், மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய வண்டி குன்னூர் தாண்டும்போது டர்போவை இழக்கக்கூடும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று தேவை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு இப்போது அதிக எரிபொருள் வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது நல்ல செய்திதான். ஆனால் 6,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது மொத்தம் 20 மில்லி விநாடி. அந்த நேரத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே திறந்தே கழிக்கும் பழைய இன்ஜெக்டருக்கு, இன்னும் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்க இடமில்லை. பத்து வருடத்துக்கு முன் எழுதிய மேப்பை இன்று அப்படியே ஏற்றுவது அதனால்தான் ஆபத்து.

குதிரைத்திறன் அச்சடித்த ஒரு தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் டியூனர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எத்தனை டிகிரி பின்வாங்கியது, உள்ளே போன காற்றின் சூடு, கலவையின் விகிதம் எல்லாம் அடங்கிய லாக்கை அவர் காட்ட வேண்டும். அந்த லாக்கை ஈசிஆரில் நள்ளிரவில் முழு வேகத்தில் ஓட்டி எடுப்பதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது. அதற்கு டைனோ இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. பெரிய மாற்றங்கள் செய்த வண்டியின் இடம் பந்தயத் தடம்தான்.

ரீமேப்புக்குப் பணம் கட்டும் முன் பட்டறையில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கம்ப்ரஷன் டெஸ்ட் முடிவு, கசிவுச் சோதனை, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்களா, கம்பெனி மேப்பிலேயே எடுத்த ஒரு லாக். இவை இல்லாமல் லாப்டாப்பைத் திறக்கும் பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.