பஞ்சாங்க மழையும் பதிவேட்டு மழையும்

வருஷந்தோறும் சித்திரை பிறந்ததும் கோவில்களில் பஞ்சாங்கம் படிக்கப்படுகிறது. இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் சமுத்திரத்துக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று புரோகிதர் படிக்க, குடியானவர்கள் கைகட்டிக் கேட்டுத் தட்சணையும் கொடுத்து வருகிறார்கள். அந்த மரக்காலைப் பிடித்து அளந்தவர் யார்? சென்ற வருஷம் படித்த கணக்கு பலித்ததா என்று எந்த ஊரிலாவது கேட்டதுண்டா? கேட்டால் நாஸ்திகன் என்பார்கள், அவ்வளவுதானே!

நிற்க. மழையை மெய்யாகவே அளந்து எழுதி வைத்தவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கம்பெனியார் வான ஆராய்ச்சிக் கூடம் ஏற்படுத்தினார்கள். 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்பு எழுதப்பட்டது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. இன்றும் தினம் காலை எட்டரை மணிக்கு மழைமானியில் தேங்கிய நீரை அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். அளப்பவன் என்ன ஜாதி, அது ராகுகாலமா என்று மழைமானி கேட்பதில்லை.

இப்பதிவுகளைக் கொண்டு அத்துறையார் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். தேசம் முழுவதையும் சதுரங்கப் பலகை போல் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, 1901 முதல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டத்திலும் பெய்த மழை இவ்வளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்கு 6,955 மழைமானிகளின் பதிவுகள் உதவின. மழைமானி இல்லாத கட்டத்துக்குச் சுற்றுப்புறத்து அளவுகளை எடுத்து, கிட்ட உள்ளதற்கு அதிக மதிப்பும் எட்ட உள்ளதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். ஏரிக்கரை எவ்வளவு உயரம், கலங்கல் எவ்வளவு அகலம் என்பதற்கெல்லாம் பல வருஷத்து மழைக்கணக்குதான் ஆதாரம். ஆனால் மதுராந்தகத்தில் என்ன சொல்லுகிறார்கள்? 1790-களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை காலத்தில், உடைய இருந்த ஏரியை ராமனும் லட்சுமணனும் வில்லேந்தி நின்று காத்தார்களாம். அதனால் அவர் 'ஏரி காத்த ராமர்' ஆனார். அப்படியானால் அங்கே மதகும் கலங்கலும் எதற்கு? கரையில் மண் சுமந்த கூலியாளின் பேரில் ஒரு கோவிலாவது உண்டா?

இக்கட்டக் கணக்கிலும் குறை இல்லாமலில்லை. ஒரு கட்டத்தின் அகலம் நம் பக்கத்தில் சுமார் 27 கிலோமீட்டர். செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நேர்க்கோட்டில் அவ்வளவு தூரங்கூட இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதிப் பெருமழையில், 2-ந் தேதி காலை அளந்தபோது தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு கட்டத்துக்குள் அடங்கும். சராசரி பார்த்தால் முழுகினவனும் முழங்கால் நனைந்தவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆகவே கட்டம் சிறிதாக வேண்டும். அதற்கு மழைமானி பெருக வேண்டும். மழைமானி இல்லாமல் கட்டத்தை மட்டும் சிறிதாக்கினால் அது வெறும் கோடு கிழித்ததாகவே முடியும்.

"வானிலை ஆபீசும் தவறுகிறதே" என்பார்கள். தவறுகிறது, ஆனால் தவறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுகிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடக்குமென்று முன்கூட்டிச் சொன்னது வானிலைத் துறையா, பஞ்சாங்கமா?

ஆகவே தோழர்களே, தாலுகா ஆபீசுகளில் பழைய மழைப் பதிவேடுகள் எங்கிருந்தாலும் கரையானுக்கு இரையாகாமல் நகலெடுத்துக் கணக்கில் சேர்க்கும்படி சர்க்காரைக் கேட்க வேண்டும். ஊருக்கொரு மழைமானி வைத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அளந்தெழுதச் செய்ய வேண்டும். ஒரு கும்பாபிஷேகத்துக்குச் செலவாகும் பணத்தில் எத்தனை ஊருக்கு மழைமானி வைக்கலாமென்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.