தந்தியைத் தளர்த்துவதா, வேண்டாமா?
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



நம் சங்க அறையில் ஒரு கிடார் இருக்கிறது. நமக்கு முன்னால் படித்துப் போன அண்ணன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஆண்டு விழா மேடையில் அதைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. வாசித்து முடித்ததும் அதன் தந்திகளைத் தளர்த்தி வைக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிட வேண்டுமா என்று இந்த வருடம் நடந்த வாக்குவாதம் மாதிரி சங்கத் தேர்தலுக்குக்கூட நடக்கவில்லை! ‘தளர்த்து’ என்று ஒரு கட்சி. ‘தொடாதே’ என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் என் தாழ்மையான பதிலைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன வருடம் முதல் தந்தியை அறுத்த குற்றவாளி நான்தான்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கைத்தறி நெசவாளர். ராத்திரி தறியை விட்டு எழும்போது பாவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். “நாம தூங்குறப்ப நூலும் தூங்கட்டும்டா” என்பார். அந்த நினைப்பிலேயே, கிடார் பழக ஆரம்பித்த புதிதில், தினமும் சாயங்காலம் ஆறு தந்திகளையும் தொளதொளவென்று தளர்த்தி வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் மறுபடியும் முறுக்குவேன். மூன்றாவது வாரம், முறுக்கிக்கொண்டிருக்கும்போதே ‘டங்’கென்று முதல் தந்தி அறுந்து புறங்கையில் கோடு போட்டது. “தெரியாதவன்கிட்ட குடுத்தா இப்படித்தான் ஆகும்” என்று ஒரு சீனியர் சொன்னார். கையை விட அந்த வார்த்தைதான் அதிகமாக எரிந்தது. டீக்காசை மிச்சம் பிடித்துப் புதுத் தந்தி வாங்கிப் போட்டேன். ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

விடை எங்கே கிடைத்தது தெரியுமா? நாமெல்லாம் பார்த்து நடுங்குகிற ‘ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ நோட்டில்!

கணக்கைப் பாருங்கள். முதல் தந்தி சுமார் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி. அதிர்கிற நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுதி சேர்த்தால் நொடிக்கு 330 தடவை அதிர்கிறது. இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் இழுவிசை 10 கிலோவைத் தாண்டுகிறது. ஆறு தந்திக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 70 கிலோ. ஒரு முழு ஆள் இரவும் பகலும் அந்தக் கிடாரை இழுத்துப் பிடித்துத் தொங்குகிற மாதிரி! ‘தளர்த்து’ கட்சிக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கிடார் செய்தவன் இதை யோசிக்காமலா செய்திருப்பான்? எஃகுத் தந்தி போடுகிற பெரும்பாலான கிடார்களில் கழுத்துக்குள்ளே ‘டிரஸ் ராட்’ என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. நட்டைத் திருகிச் சரிசெய்யும் முறைக்கு அமெரிக்காவின் கிப்சன் கம்பெனியைச் சேர்ந்த மெக்ஹியூ 1923ல் காப்புரிமை பெற்றார். தந்திகள் கழுத்தை முன்பக்கம் வளைக்கப் பார்க்கும். டிரஸ் ராட் அதை எதிர்த்துப் பின்பக்கம் பிடிக்கும். இரண்டும் சரிக்குச் சரி நின்றால்தான் கழுத்து ஒழுங்காக இருக்கும். தந்திகளை அடியோடு தளர்த்தி மாதக்கணக்கில் போட்டு வைத்தால், கழுத்து பின்பக்கம் வளையப் பார்க்கும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் கயிற்றை விட்டுவிட்டால் எதிர்ப்பக்கத்தார் என்ன ஆவார்கள்? அதே கதைதான்.

சரி, என் தந்தி ஏன் அறுந்தது? அந்த மெல்லிய கம்பியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1400 நியூட்டன் தகைவு இருக்கிறது. நம் லேபில் யு.டி.எம். மெஷினில் மாட்டுகிற மைல்டு ஸ்டீல் கம்பி 400, 500லேயே அறுந்துவிடும். தந்திக்கென்று செய்த எஃகு என்பதால் அது தாங்குகிறது. ஆனால் கீயில் சுற்றி வளைகிற இடத்தில் தினமும் தளர்த்தி, தினமும் முறுக்கினால்? ஜெம் கிளிப்பை வளைத்து வளைத்து நிமிர்த்தி உடைக்கிறோமே, அதுதான் நடந்தது. வாத்தியார் ‘ஃபெடீக்’ என்று போர்டில் எழுதியபோது நான் புறங்கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டேன்.

வயலின்காரர்கள் தளர்த்துகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் தளர்த்துவது வில்லில் உள்ள குதிரை மயிரை. வயலின் தந்திகளை மொத்தமாகத் தளர்த்தினால் பிரிட்ஜே சாய்ந்து விழுந்துவிடும்!

அப்படியானால் ‘தொடாதே’ கட்சிக்கு வெற்றியா? அவசரப்படாதீர்கள். போன கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, அறுந்த தந்தி ஒன்றுகூட இல்லை. ஆனால் பிரிட்ஜின் பின்பக்கம் பலகையை விட்டு எழும்பியிருந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா தந்தியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அந்த மரம் எங்கடா இருக்கு? வெயில் படுதா?” என்றுதான் கேட்டார். கோடையில் தறி மரம் என்ன பாடு படும் என்று தெரிந்தவர் அல்லவா! நம் சங்க அறைக்கு மேலே ஷீட் கூரை. சித்திரை வெயிலில் அது அடுப்பு. அதிகச் சூட்டில் கோந்து இளகும். காற்றில் ஈரம் குறைந்தால் பலகை குறுகும். அந்த நேரத்திலும் 70 கிலோ இழுத்துக்கொண்டே இருந்தால் பிரிட்ஜ் எழும்பாமல் என்ன செய்யும்? கிடாருக்கு நல்லது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்கிறார்கள். நாமோ தந்தியைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு, கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். தினசரி வாசிக்கும் நாட்களில் தந்தியைத் தளர்த்த வேண்டாம். நீண்ட விடுமுறைக்கோ தூரப் பயணத்துக்கோ ஒரு முழு ஸ்வரம் மட்டும் கீழே இறக்கி வைக்கலாம். அதிலேயே இழுவிசையில் 5ல் 1 பங்கு குறைந்து 56 கிலோ ஆகிவிடும். டிரஸ் ராடுக்கும் எதிர்ப்பிடி மிச்சம் இருக்கும். நைலான் தந்திக் கிடாருக்கு இழுவிசையே பாதியளவுதான், அதற்கு இந்தக் கவலையும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிடாரை உறையில் போட்டு, காங்கிரீட் கூரை உள்ள நூலக அறையில் வைக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று. தந்தி அறுந்த பிறகு கிடார் பீரோவுக்குள் போய்விட்டது. சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் யாரும் தொடுவதில்லை. தொடாத கிடாருக்குத் தந்தி தளர்ந்திருந்தால் என்ன, முறுக்கியிருந்தால் என்ன? கிராமத்திலிருந்து வருகிற முதலாமாண்டுத் தம்பிக்கும் தங்கைக்கும் அதைக் கையில் கொடுங்கள். சுதி சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு தந்தி அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். புதுசு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

தெரியாதவன்கிட்ட குடுக்கக் கூடாதுன்னா, அவன் எப்பத்தாங்க தெரிஞ்சுக்கிறது?