பரீட்சைக் காலத்து நித்திரை

பரீட்சை நெருங்க நெருங்க நம் வீடுகளில் விளக்கணையும் நேரம் பின்தள்ளிக்கொண்டே போகின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தோற்றும் சிறுவன் முதல், உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞன் வரை எல்லோரும் நித்திரையைப் பகையாகவே எண்ணுகின்றனர். தாயாரும் நள்ளிரவில் எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பிள்ளைக்குத் துணையிருக்கின்றார். குடும்பத்தின் எதிர்காலமே அந்த ஒரு பரீட்சையில் தங்கியிருக்கின்றது என்னும் அச்சம் அவரை அங்ஙனம் செய்விக்கின்றது. அவ்வச்சத்தை நாம் குறைகூறப் போவதில்லை. ஆனால், கண்விழித்துக் கற்றவற்றுள் எவ்வளவு மறுநாள் கைகொடுக்கும் என்பதை வாசகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், டலன்பக் என்னும் இருவர் 1924 ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். மாணவர் இருவர் ஆய்வுகூடத்திலேயே தங்கி, பொருளற்ற பத்து அசைகள் கொண்ட வரிசைகளை மனனஞ் செய்தனர். சில நாட்களில் மனனஞ் செய்தவுடன் உறங்கினர். வேறு சில நாட்களிற் காலையில் மனனஞ் செய்துவிட்டு வழமையான அலுவல்களைப் பார்த்தனர். எட்டு மணி நேரங் கழித்து வினவியபோது, உறங்கி எழுந்த வேளைகளிற் பாதிக்கு மேற்பட்ட அசைகள் நினைவில் நின்றன. விழித்திருந்த வேளைகளிலோ ஏறத்தாழ ஓர் அசையே எஞ்சியது! இருவரை மட்டும் கொண்டு நடத்திய சோதனைதான். எனினும் பின்வந்த பல ஆய்வுகளும் அதே முடிவுக்கே வந்தன.

இதற்குக் காரணம் யாது? உறங்கும்போது மூளை வாளா கிடப்பதில்லை. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த நித்திரை மிகுதி. பகலிற் கற்றவற்றை மூளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்துவது பெரும்பாலும் அவ்வேளையிலேதான் என்பது இக்காலத்து ஆய்வாளர் கொள்கை. கண்மணிகள் இமைக்குள் விரைந்து அசையக் கனவு காணும் நித்திரை வேறொன்றுண்டு. சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இதனை 1953 ஆம் ஆண்டிற் புலப்படுத்தினர். இது விடியலை அடுத்தே மிகுதியாக வரும். ஆதலால், பிந்திப் படுத்து முந்தி எழும் பிள்ளை ஒன்றையேனும் இழந்தே தீரும்.

முற்றாக நித்திரையைத் துறந்தவர் நிலையை அறிய விரும்புவோருக்கு ரண்டி கார்ட்னரின் கதை உண்டு. சான் டியேகோ நகரத்துப் பதினேழு வயது மாணவரான அவர், பள்ளி மாணவருக்கான விஞ்ஞானக் கண்காட்சிக்காக 1963 டிசெம்பர் முதல் 1964 ஜனவரி வரை 264 மணி நேரம் விழித்திருந்தார். இறுதி நாட்களில் அவரை நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லும்படி கேட்டனர். அறுபத்தைந்து வரை வந்து நின்றுவிட்டார். தாம் செய்துகொண்டிருந்தது யாதென்பதே மறந்துபோயிற்றாம். கணிதப் பரீட்சைக்கு முந்திய இரவு முழுதும் விழித்திருக்க எண்ணும் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

ஆனால், நம் வீடுகளில் நிகழ்வது அதுவன்று. ஆறு மணி, ஐந்து மணி என நித்திரை சிறிது சிறிதாகத் தேய்வதே. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2003 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தது. வளர்ந்தவர் சிலர் இரு வாரங்கள் நாடோறும் ஆறு மணி நேரமே உறங்கினர். முடிவில் அவர்தம் கவனமும் நினைவும், இரண்டு இரவு வரை முற்றாக விழித்திருந்தவரை ஒத்திருந்தன. இதைவிட அஞ்சத்தக்கது, தாம் அத்துணை தளர்ந்துவிட்டதை அவர்கள் உணரவில்லை என்பதே. "எனக்கு இது பழகிவிட்டது, அம்மா" என்று பிள்ளை சொல்லும்போது தாயார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

வைகறையில் எழுந்து படி என்பது நம் பெரியோர் அறிவுரை. நல்லதே. ஆனால், அவர்கள் மண்ணெண்ணெயை மிச்சப்படுத்தி எட்டு மணிக்கே பாய் விரித்தவர்கள்! அறிவுரையின் ஒரு பாதியை மட்டும் நாம் கைக்கொண்டோம். அன்றியும், பதின்ம வயதில் உடம்பின் இயற்கைக் கடிகாரமே சற்றுப் பிந்திவிடுகின்றது. நித்திரைக்கு அழைக்கும் மெலற்றோனின் என்னும் சுரப்பு இரவிற் காலந் தாழ்த்தியே ஊறுகின்றது. விடியற்காலையில் எழும்ப மறுக்கும் மகனைச் சோம்பேறி என்று ஏசுமுன் இதனை நினைத்தல் வேண்டும். இருள் பிரியுமுன்னரே தனியார் வகுப்புக்களைத் தொடங்கும் ஆசிரியன்மாரும் நினைத்தால் நன்று.

ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் நித்திரை தேவை என்பது அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016 ஆம் ஆண்டில் விதந்துரைத்த அளவு. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமேனும் வேண்டும். துணைக்கு விழித்திருக்கும் தாய்மாரும் இதற்குள் அடங்குவர். நாட்பட்ட நித்திரைக் குறைவு இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வரவழைக்கத் துணைபோகும். நோயை எதிர்க்கும் வலுவையும் குறைக்கும்.

தேநீர், கோப்பி பருகி ஐந்து மணி நேரங் கழிந்த பின்னரும் அவற்றிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி உடம்பிலேயே நிற்கும். ஆகவே மாலைக்குப் பின் அவற்றைத் தவிர்த்தல் நன்று. கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். பகலிற் களைப்பு மிகுந்தால் மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடம் கண்ணயரலாம். அந்தி நேரத்து உறக்கம் இரவு நித்திரையைக் கெடுக்கும்.

படுத்தும் நித்திரை வராவிடின், புரண்டுகொண்டிராமல் எழுந்து மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் கனக்கும்போது மீண்டும் படுக்க வேண்டும். வாரக்கணக்கில் இந்நிலை நீடித்தால் வைத்தியரை நாடுக. அயலவர் தந்த நித்திரைக் குளிகையைப் பரீட்சைக்கு முந்திய இரவிற் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் மயக்கம் பரீட்சை மண்டபம் வரை கூடவே செல்லக்கூடும்.